அலைவரிசைகளின் கதை – 9: கொழும்பு பேச, குருநகர் கேட்டது

வால்வு றேடியோவின் குமிழைத் திருகிய உடனே அது பேசிவிடாது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்தான். விலை கூடிய செட்டுகளின் முகப்பில் ஒரு பச்சைக் கண் இருக்கும். ஊசியை நகர்த்த நகர்த்த அந்தக் கண்ணின் நடுவிலுள்ள நிழல் விரியும், சுருங்கும். நிழல் நன்றாக ஒடுங்கிய இடம்தான் நிலையம். சிற்றலையில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. பல்லவி கணீரென்று கேட்கும், அனுபல்லவி கரைந்து போகும், சரணத்தில் பாடகர் மறுபடி வந்து சேருவார்.

யாழ்ப்பாண நகரின் கடனீரேரிக் கரையில், முன்பு கரையூர் என்று அழைக்கப்பட்ட குருநகரில், தேத்தண்ணிக் கடையின் உயரத் தட்டில் இப்படியொரு பெட்டி இருந்தால் அந்தக் கடைக்கு ஆள் சேரும். கூரையிலிருந்து பக்கத்துப் பூவரசுக்கோ தென்னைக்கோ ஏரியல் கம்பி ஓடும். மின்சாரம் எட்டாத வீட்டில் கார் பற்றறி. பெட்டி வைத்திருக்க அரசாங்கத்திடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதனால் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்; கேட்டவர்களை எண்ணி முடியாது. ஒரு வீட்டுப் பாட்டுக்கு வேலி தடையில்லை.

இந்த இதழில் வருவது ஐம்பதுகளின் இறுதிக்கும் அறுபதுகளுக்கும் இடைப்பட்ட ஒரு நாள். நாட்காட்டியில் அதற்குத் தேதி கிடையாது. பல நாட்களைப் பொருத்திக் கட்டியது.

பொழுது விடியும்போது இரவுத் தொழிலுக்குப் போன வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். இறாலும் நண்டும் கூடைக்கு மாறும், விலை கூறுவார்கள், வலையை உதறிக் காயப் போடுவார்கள். புனித யாகப்பர் ஆலயத்தில் காலைப் பூசை முடிந்திருக்கும். அந்த நேரத்துக்குக் கொழும்பிலிருந்து தமிழ் வர்த்தக ஒலிபரப்பு பாட்டுகளை அவிழ்த்துவிடும். ‘பொங்கும் பூம்புனல்’ என்ற பெயரை இன்றைக்குச் சொன்னாலும் இரண்டு கரையிலும் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். காலை நிகழ்ச்சிக்கு அதைவிட நல்ல பெயரைத் தமிழ் வானொலி எதுவும் இன்றுவரை வைத்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டு குருநகருக்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. அதில் ஒரு போர் இருக்கிறது.

இலங்கையின் ஒலிபரப்பே போர்ச் சாமான்களில்தான் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921இல் வந்த எட்வேர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி செய்து, கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை அனுப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16இல் ஆளுநர் சேர் ஹியூ கிளிஃபர்ட் முறைப்படி சேவையைத் தொடக்கி வைத்தார். இரண்டாம் உலகப் போர் இதைவிடப் பெரிய சீதனத்தைக் கொண்டுவந்தது. மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944இல் கண்டிக்கு மாற்றினார். அவருடைய படையினருக்காகக் கொழும்பில் ‘றேடியோ சீக்’ என்ற நிலையம் உருவானது. ஜா-எலவை அடுத்த ஏக்கலவில் மார்க்கோனி நிறுவனத்தின் 100 கிலோவாற் சிற்றலைக் கருவி 1946இல் இயங்கத் தொடங்கியது. அதற்குள் போர் முடிந்துவிட்டது! கப்பலுக்குக் காத்திருந்த பிரித்தானியச் சிப்பாய்கள் பாட்டுக் கேட்டுப் பொழுது போக்கத்தான் அந்தப் பூதம் முதலில் பயன்பட்டது. 1949இல் அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ஒரு சின்னத் தீவுக்கு அவ்வளவு வலு எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்டிருந்தால் தவறில்லை.

சீக்கில் வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் டேவிட் ஜேக்கப்ஸ். கடற்படையிலிருந்து வந்தவர், இருபது வயதை ஒட்டியவர். கொழும்பில் ஒலிவாங்கிக்கு முன்னால் பழகிய பிறகு லண்டன் திரும்பி, பி.பி.சி.யின் பெயர் பெற்ற அறிவிப்பாளராகிவிட்டார். அந்த நாட்களில் பிரித்தானிய வீடுகளில் வானொலி எப்படி ஒலித்தது என்பதையும் இங்கே பார்த்துவிட வேண்டும். கொழும்பு எதை வாங்கியது, எதை விட்டது என்பது அப்போதுதான் புரியும்.

பி.பி.சி. 1945 ஜூலை 29இல் ‘லைட் புரோகிராம்’ என்ற பொழுதுபோக்குச் சேவையைத் தொடங்கியது. பத்துப் பாத்திரம் தேய்க்கும் நேரமான காலை 9.10க்கு ‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’: இல்லத்தரசிகள் தபாலட்டையில் கேட்ட இசைத்தட்டுகள். இதை நடத்தியவர்களில் நம்முடைய டேவிட் ஜேக்கப்ஸும் உண்டு. தொழிற்சாலைகளுக்காக ‘மியூசிக் வைல் யூ வேர்க்’. இது 1940இல் போர்க்கால உற்பத்தியைக் கூட்டத் தொடங்கிய நிகழ்ச்சி, போருக்குப் பிறகும் நிற்கவில்லை. பிற்பகல் 1.45க்குத் தாயும் பிள்ளையும் சேர்ந்து கேட்க ஒரு கதை. மாலை 6.45க்குத் துப்பறியும் டிக் பார்ட்டன், பதினைந்தே நிமிடம். உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள். 1951இல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நேரத்தை ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற கிராமத்துக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். விவசாய அமைச்சின் ஆலோசனையோடு, உழவர்களுக்குப் புது முறைகளைக் கதைக்குள் வைத்துச் சொல்லத் தொடங்கிய நாடகம் அது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் சிரிப்பு: ‘தி கூன் ஷோ’வின் மூன்று பைத்தியக்காரர்கள். அவர்களில் ஒருவரான ஸ்பைக் மில்லிகன் பிறந்தது இந்தியாவின் அகமதுநகரில். ‘எஜுக்கேட்டிங் ஆர்ச்சி’ என்ற இன்னொரு வெற்றி நிகழ்ச்சியின் நாயகன் ஒரு மரப்பொம்மை. பொம்மைக்குக் குரல் கொடுப்பவரின் உதடு அசைகிறதா என்று பார்க்க வழியில்லாத வானொலியில் பொம்மலாட்டம் நடத்தி, அதையும் நாடே கேட்டிருக்கிறது.

ஞாயிறு மதியம் ‘ஃபமிலி ஃபேவரிட்ஸ்’. ஜேர்மனியில் நிற்கும் சிப்பாய்க்கு லண்டனிலிருந்து பாட்டு, வீட்டாருக்கு அங்கிருந்து பாட்டு. ஹம்பேர்க்கிலிருந்து பேசிய கிளிஃப் மிச்செல்மோரும் லண்டனிலிருந்து பேசிய ஜீன் மெற்காஃபும் முதலில் அறிந்தது ஒருவர் குரலை ஒருவர். 1950இல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இந்த அச்சுகளெல்லாம் கொழும்புக்குத் தெரிந்தவைதான். 1949 அக்டோபரில் தனித் திணைக்களமான இலங்கை வானொலிக்கு முதல் பணிப்பாளர் நாயகமாக வந்த ஜோன் லாம்ப்சன் பி.பி.சி.க்காரர். ஆனால் பி.பி.சி. விளம்பரத்தைத் தொடாது. கொழும்போ 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவையைத் தொடங்கிவிட்டது. அதை நடத்த கொழும்புத் திட்டத்தின் கீழ் கிளிஃபர்ட் டொட் என்ற அவுஸ்திரேலியர் வந்தார். லிவி விஜேமான்ன அவரோடு நின்றார். லண்டனின் நேயர் விருப்பத்தையும் சவர்க்கார விளம்பரத்தையும் சேர்த்து, அதை ஏக்கலவின் 100 கிலோவாற்றில் ஏற்றினால் என்ன நடக்கும்? அதைப் புது டில்லி உலகுக்குக் காட்டியது.

இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக 1952இல் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு நாட்டின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஒதுக்கினார். சாஸ்திரிய சங்கீதத்துக்கு அவர் செய்த நன்மைகள் உண்டு, அதை மறுக்க வேண்டாம். ஆனால் இலங்கை வானொலிக்கு அவர் செய்த நன்மை அதைவிடப் பெரியது. 1952 டிசம்பர் 3இல் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு விமானத்தில் அனுப்பிய அந்த அரை மணி நேரத்துக்காக வட இந்தியா புதன்கிழமைகளில் காத்திருந்தது. தெற்கே அதே வேலையைத் தமிழ் செய்தது. டில்லி விழித்துக்கொண்டு ‘விவித் பாரதி’யைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3இல். அதற்குள் ஐந்து வருடம் போய்விட்டது. கொழும்பு நிலையத்தின் புகழில் லண்டனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு கேஸ்கருக்கும் எழுத வேண்டும்.

தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் முதல் நட்சத்திரம் எஸ். பி. மயில்வாகனன். அதுவரை தமிழ் வானொலிக் குரல் என்றால் அளந்து, அடக்கி, மேடைத் தமிழில் வரும். மயில்வாகனனின் பேச்சு விரைவும் குறும்பும் கலந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட சில நொடிகளையே நிகழ்ச்சியாக்கியவர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்த பெயராக ஓர் இலங்கையர் பெயர் ஆனது அப்போதுதான்.

நேயர் விருப்பம் இங்கே வந்து வேறொன்றாகிவிட்டது. லண்டனில் ஒரு பெயரும் ஓர் ஊரும் சொல்லிவிட்டு இசைத்தட்டைப் போடுவார்கள். தமிழில் பெயர்ப்பட்டியல் பாட்டோடு போட்டி போட்டது. ஒரே தபாலட்டையில் தகப்பன், தாய், அக்கா, அத்தான், மருமக்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதுவார்கள். அறிவிப்பாளர் மூச்சுப் பிடித்து வாசிப்பார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை, திருச்சி, தூத்துக்குடி எல்லாம் ஒரே வரிசையில் வரும். இரு நாடுகளாகிப் போன இரு கரைகளின் பெயர்கள் இப்படி அடுத்தடுத்து ஒலித்த இடம் வேறு இருந்ததா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். தன் பெயர் வாசிக்கப்படும்போது சிற்றலை கரைந்து போனால் அந்தப் பிள்ளையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ‘பிறந்தநாள் வாழ்த்து’ நிகழ்ச்சிக்கும் இதே கதைதான்.

பிற்பகலில் கரை கொஞ்சம் ஓயும். வலை பொத்துகிறவர்கள் நிழல் பார்த்து இருப்பார்கள். கண்ணுக்கும் கைக்கும் வேலை, காது மட்டும் சும்மா. வானொலிக்கு இதைவிட ஏற்ற நேயர் கிடையாது. பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்கென்று யோசித்து யோசித்து அமைத்த நிகழ்ச்சி, குருநகரில் யோசிக்காமலே பொருந்தியது. சிறுவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ‘சிறுவர் மலர்’. பின்னாளில் பெரிய அறிவிப்பாளரான பி. எச். அப்துல் ஹமீதின் குரல் முதலில் முளைத்தது அந்த மலரில்தான்.

மாலையில் ஊசி சற்று அலையும். பாக்கு நீரிணைக்கு அப்பால் திருச்சி நிலையம் 1939 மே 16 முதல் ஒலித்துக்கொண்டிருந்தது, சென்னை அதற்கு ஒரு வருடம் மூப்பு. கச்சேரி கேட்க விரும்பியவர்கள் திருச்சிக்குப் போவார்கள், சினிமாப் பாட்டுக்குக் கொழும்புக்குத் திரும்புவார்கள். இந்தக் கரைக்குத் திருச்சி ஒன்றும் தூரமில்லை. கொழும்புதான் தூரம்!

நாடகத்துக்கு மட்டும் ஊசி அசையாது. இலங்கை வானொலியின் நாடகத் தயாரிப்பாளர் ‘சானா’ என்ற எஸ். சண்முகநாதன். சென்னையில் சினிமாவுக்குக் கலை இயக்கம் செய்து பழகியவர், ஓவியர், நடிகர். அவருடைய காலத்தில்தான் இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ தொடராக வந்தது; ‘இலண்டன் கந்தையா’வும் அந்தக் காலத்ததுதான். இலங்கையர்கோனின் சொந்தப் பெயர் த. சிவஞானசுந்தரம், ஏழாலையில் பிறந்தவர், காரியாதிகாரியாக அரசாங்க வேலை பார்த்தவர். விதானைமாரை மேசைக்கு எதிர்ப்புறத்தில் தினமும் கண்டவர் என்பதால் அவருடைய விதானையார் கற்பனையில் பிறந்தவராகத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில், 1961இல் காலமானார். இரண்டு வருடம் கழித்து 1963இல் விதானை என்ற பதவியையே எடுத்துவிட்டுக் கிராம சேவகரைக் கொண்டுவந்தார்கள்.

அந்த நாடகங்களின் புதுமை கதையில் இல்லை, பேச்சில் இருந்தது. வானொலி என்றால் செந்தமிழ் என்றிருந்த இடத்தில் ‘என்ன கண்டறியாத கதை’, ‘ஓமோம்’, ‘சும்மா இரும்’ என்று வீட்டுத் தமிழ் வந்தது. ஆர்ச்சர்ஸ் குடும்பத்தின் நாட்டுப்புற ஆங்கிலத்தை லண்டன்காரர்கள் ரசித்ததோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே நகரத்தார் கிராமத்தை எட்டிப் பார்த்தார்கள். இங்கே கிராமமே தன் குரலைத் திருப்பிக் கேட்டது. தலைநகரின் கட்டடத்திலிருந்து தன் பேச்சு வருவதைக் கேட்பதில் ஒரு மரியாதை இருந்தது. அது 1956க்குப் பிறகு, சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான பிறகு, இன்னும் கூடியிருக்கத்தான் வேண்டும். 1958 மே மாதக் கலவரத்தில் தமிழர்களைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பாட்டுத் தந்த நிலையமும் அவசரகால நிலையை அறிவித்த அரசாங்கமும் ஒன்றுதான் என்பதை மறந்து யாரும் இந்த வரலாற்றை எழுத முடியாது.

நாடகம் குருநகருக்குப் புதிதும் அல்ல. கத்தோலிக்கக் கரையூர்களில் நாட்டுக்கூத்து விடிய விடிய நடக்கும். அண்ணாவியார் பழக்கிய பாட்டுக்காரர் மேடையின் விளிம்பில் நின்று, கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரையும் எழுப்பும்படி குரலெடுப்பார். வானொலி நடிகர் அப்படிக் கத்தினால் ஒலிப்பதிவாளர் ஓடி வருவார். ஒலிவாங்கி பெருமூச்சையும் பிடிக்கும், கதவு கிறீச்சிடுவதையும் பிடிக்கும். கூத்துக் கேட்ட காது இந்தக் கிசுகிசுப்புக்கும் பழகிக்கொண்டது. ஒன்று வந்ததால் மற்றது நின்றுவிடவில்லை.

ஒலிபரப்பின் இந்த நுட்பங்களைத் தமிழில் நூலாக எழுதியவரும் யாழ்ப்பாணத்தவர்தான். கரம்பனைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் ‘ஈழகேசரி’ ஆசிரியராக இருந்து, கொழும்பு வானொலிக்குப் போய், 1947இல் லண்டன் சேர்ந்தார். பி.பி.சி. 1941 மே மாதம் முதல் நடத்திவந்த தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர் அவர். ஊர் திரும்பி 1954இல் ‘ஒலிபரப்புக் கலை’யை வெளியிட்டார். ராஜாஜியின் முன்னுரை கொண்ட நூல் அது. லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் இந்த வரவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருட்டிய பிறகு சிரிப்பும் பாட்டும் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். மரண அறிவித்தல் வரும். பிறந்த இடம், வசித்த இடம், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார், கிரியை எத்தனை மணிக்கு, பூதவுடல் எங்கே. கடைசியில் உற்றார் உறவினர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோள். வாசிப்பவர் குரலில் ஏற்ற இறக்கம் இராது. சமையல் நடுவில் கேட்டவர்கள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முறை பார்ப்பார்கள். கொழும்பில் வேலை, மலைநாட்டில் கடை, வன்னியில் காணி என்று சிதறியிருந்த குடும்பங்களுக்குத் தந்தியைவிட இது விரைந்தது. பி.பி.சி.யின் எந்த நிகழ்ச்சியிலும் இதற்கு முன்மாதிரி கிடையாது. இது முழுக்க நம்முடைய தேவை.

கடலுக்குப் போகிறவர்கள் கேட்பது வேறு. காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி. 1964 டிசம்பர் 22இல் வட இலங்கையைக் கடந்த சூறாவளி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டது. வடகரை மீனவர்களும் பெருந்தொகையாக இழப்பைக் கண்டார்கள். வானிலைச் செய்தியை அசட்டையாகக் கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகு இந்தக் கரைகளில் இருந்திருக்க முடியாது.

இரவு நெடுநேரம் ‘இரவின் மடியில்’ பழைய பாட்டுகள் மெல்லப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அதைக் கேட்க இனித் தேத்தண்ணிக் கடைக்கு வர வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1954இலும் ஜப்பானில் 1955இலும் கடைக்கு வந்த டிரான்சிஸ்டர் பெட்டி, அறுபதுகளில் யாழ்ப்பாணத்துக் கைகளுக்கு வந்து சேர்ந்தது. வால்வு இல்லை, சூடேறும் நேரம் இல்லை, கார் பற்றறி இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வள்ளத்திலும் ஏறலாம். 1967 ஜனவரி 5இல் திணைக்களமும் கூட்டுத்தாபனமாக மாறியது. கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் கோலோச்சிய அந்தக் காலமும், சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ ஒலித்த மாலைகளும் அடுத்த இதழில்.

(தொடரும்)